டாம்கேட் சர்வரை நிறுவி, பின்னணி சர்வீஸாக ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாவில் எழுதிய ஒரு வலைச் செயலியை சர்வரில் ஏற்றும் வேலை முதல்முறையாகக் கைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உபுண்டு அல்லது டெபியன் ஓடும் ஒரு சர்வர், அதில் சூடோ உரிமையுள்ள ஒரு கணக்கு, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகத் தெரிந்திருப்பது, இவ்வளவு இருந்தால் போதும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள்.

டாம்கேட் என்ன வேலை செய்கிறது?

ஜாவா சர்வ்லெட்களையும் (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்கள்) ஜேஎஸ்பி பக்கங்களையும் ஓட்டித் தரும் சர்வர் இது. சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கியது. 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, அன்றிலிருந்து திறமூலமாக வளர்கிறது. உங்கள் செயலியை ஒரு வார் கோப்பாக (செயலியின் எல்லாக் கோப்புகளும் அடங்கிய ஒரே தொகுப்பு) கட்டி வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால், அது தானே விரித்து ஓட்டும். வழக்கமாக 8080 போர்ட்டில் பதில் சொல்லும்.

எந்தப் பதிப்பை எடுப்பது?

இதை உங்கள் செயலிதான் முடிவு செய்யும். டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும். 10.1க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும், 11க்கு ஜாவா 17 வேண்டும். ஆனால் ஜாவா பதிப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டாம்கேட் 10இலிருந்து சர்வ்லெட் தொகுப்புகளின் பெயர் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என மாறிவிட்டது. 9இல் நன்றாக ஓடிய பழைய வார் கோப்பை அப்படியே 10இல் போட்டால், டாம்கேட் தொடங்கும், செயலி மட்டும் 404 காட்டும். லாகைத் திறந்து பார்த்தால் ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் வகுப்பு கிடைக்கவில்லை என்று இருக்கும்.

செயலியின் மூலநிரல் கையில் இருந்தால் பெயர்களை மாற்றிப் புதிதாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால், வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அந்த வார் கோப்பை அதில் போடுங்கள். டாம்கேட் 10 அதைத் தானே மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான செயலிகளுக்கு இது போதும்.

ஏபிடி மூலமே கிடைக்கிறதே, தனியாகத் தரவிறக்குவது எதற்கு?

உபுண்டு, டெபியனின் தொகுப்பு நிறுவியான ஏபிடியில் வரும் பதிப்பு உங்கள் செயலிக்குப் பொருந்தினால் அதையே போடுங்கள். பயனர் கணக்கு, சர்வீஸ் கோப்பு, பாதுகாப்பு அப்டேட் எல்லாம் கூடவே வந்துவிடும். ஆனால் டெபியன் 12இல் டாம்கேட் 10தான் சர்வராகக் கிடைக்கும். செயலிக்கு 9தான் வேண்டும் என்றால் அப்பாச்சியின் தளத்திலிருந்து டார் கோப்பை எடுக்கவேண்டியதுதான். எடுத்ததும் கூடவே கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-512 மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை, தவிர்க்காதீர்கள்.

இனி வருபவை பெரும்பாலும் டார் கோப்பிலிருந்து /ஆப்ட்/டாம்கேட் என்ற இடத்தில் நிறுவியவர்களுக்கானவை.

ஸ்டார்ட்டப்.எஸ்ஹெச் ஓட்டினேன், வேலை செய்கிறது. சர்வீஸ் எதற்கு?

அது வேலை செய்வது உண்மைதான். டெர்மினலை மூடினாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனாலேயே பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கெர்னல் அப்டேட்டுக்காக யாராவது சர்வரை ரீபூட் செய்தால் டாம்கேட் திரும்ப எழாது. நினைவகம் தீர்ந்து லினக்ஸ் அதைக் கொன்றுவிட்டால், மறுநாள் காலை வாடிக்கையாளர் ஃபோன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

இன்னொரு தொல்லை, அந்த ஸ்கிரிப்டை யார் ஓட்டினார்கள் என்பது. ஒருவர் ஒருமுறை சூடோ போட்டு ஓட்டிவிட்டால், லாக்ஸ், வொர்க், டெம்ப் ஃபோல்டர்களுக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகிவிடும். அதன்பிறகு சாதாரணப் பயனராக ஓட்டினால் 'அனுமதி இல்லை' என்று அடம் பிடிக்கும். சர்வீஸாக அமைத்துவிட்டால் எப்போதும் ஒரே பயனர், ஒரே சூழல், ஒரே வழி. யாரும் லாகின் செய்யாமலேயே இயந்திரம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சர்வீஸ்களைத் தொடங்கி, கண்காணித்து, நிறுத்தும் நிரலுக்குப் பெயர் சிஸ்டம்டி. டெபியனும் உபுண்டுவும் 2015இலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

எந்தப் பயனர் பெயரில் ஓட்டுவது?

ரூட்டாக மட்டும் வேண்டவே வேண்டாம். செயலியில் ஒரு ஓட்டை இருந்து யாராவது உள்ளே நுழைந்தால், ரூட்டாக ஓடும் டாம்கேட் முழு சர்வரையும் அவர் கையில் கொடுத்துவிடும்.

டாம்கேட் என்ற பெயரில் ஒரு சிஸ்டம் பயனரை உருவாக்குங்கள். யூசர்ஆட் கட்டளைக்கு -ஆர் கொடுத்து, ஷெல்லாக நோலாகின் என்று வைத்தால் போதும். அந்தக் கணக்கில் யாரும் லாகின் செய்ய முடியாது.

அடுத்தது கோப்பு உரிமை. /ஆப்ட்/டாம்கேட் முழுவதையும் டாம்கேட் பயனருக்கே எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓடுகிற நிரல் ஸ்கிரிப்டுகள் இருக்கும் தன்னுடைய 'பின்' ஃபோல்டரையும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'கான்ஃப்' ஃபோல்டரையும் மாற்றி எழுத எந்தத் தேவையும் கிடையாது. உரிமையாளர் ரூட், குழு டாம்கேட் என்று வைத்து, குழுவுக்குப் படிக்கவும் ஓட்டவும் மட்டும் அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம். லாக்ஸ், டெம்ப், வொர்க், வெப்ஆப்ஸ் ஆகிய நான்கை மட்டும் டாம்கேட் பயனருக்குச் சொந்தமாக்குங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். டார் கோப்பிலிருந்து வரும் கான்ஃப் கோப்புகளின் அனுமதி 600, அதாவது உரிமையாளரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. குழுவுக்குப் படிக்கும் அனுமதியைச் சேர்க்க மறந்தால், முக்கிய அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லையே படிக்க முடியாமல் டாம்கேட் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

சர்வீஸ் கோப்பில் என்ன எழுதுவது?

/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் டாம்கேட்.சர்வீஸ் என்று ஒரு கோப்பை உருவாக்குங்கள். உள்ளே:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=டாம்கேட்
ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=சிம்பிள்
யூசர்=டாம்கேட்
குரூப்=டாம்கேட்
என்விரான்மென்ட்=ஜாவா_ஹோம்=(ஜாவா இருக்கும் இடம்)
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஆப்ட்/டாம்கேட்/பின்/கேடலினா.எஸ்ஹெச் ரன்
சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=10

[இன்ஸ்டால்]
வான்டெட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

இவ்வளவுதான். இணையத்தில் இதைவிட மூன்று மடங்கு நீளமான மாதிரிகள் கிடைக்கும். அவற்றை அப்படியே ஒட்டாமல், உங்களுக்குப் புரிந்த வரிகளை மட்டும் வையுங்கள். ராத்திரியில் ஏதாவது உடைந்தால் இந்தக் கோப்பைத்தான் முதலில் திறப்பீர்கள், அப்போது ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜாவா_ஹோம் வரி கட்டாயம். உங்கள் கணக்கின் பேஷ்ஆர்சி கோப்பில் அதை எழுதியிருக்கலாம், ஆனால் சிஸ்டம்டி அதைப் படிக்காது. 'கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை' என்று வரும் புகார்களில் அடிக்கடி அகப்படும் காரணம் இதுதான்.

கோப்பைச் சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். பிறகு எப்போது இந்தக் கோப்பைத் தொட்டாலும் இதை மறுபடி ஓட்டவேண்டும். இல்லையென்றால் பழைய அமைப்பிலேயே போய்க்கொண்டிருக்கும்.

எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஸ்டார்ட்டப்.எஸ்ஹெச் கொடுத்தால் தொடங்கிய உடனேயே நின்றுவிடுகிறது. ஏன்?

ஸ்டார்ட்டப்.எஸ்ஹெச் ஜாவாவைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தான் முடிந்துபோகும். டைப்=சிம்பிள் என்றால், நீங்கள் கொடுத்த கட்டளையே சர்வீஸ் என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். அது முடிந்ததும் சர்வீஸ் முடிந்தது என்று முடிவுகட்டி, அந்த சர்வீஸின் கீழ் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும், ஜாவா உட்பட, நிறுத்திவிடும். ஆகவே சில நொடிகள் ஓடுவதுபோல் தெரிந்து அப்புறம் அணைந்துபோகும்.

கேடலினா.எஸ்ஹெச் ரன் அப்படிச் செய்யாது. முன்னணியிலேயே ஓடி, தன் இடத்தில் ஜாவாவையே உட்காரவைத்துவிடும். அதனால் சிஸ்டம்டி நேரடியாக ஜாவாவைக் கண்காணிக்கிறது. டைப்=ஃபோர்க்கிங் வைத்து, பிஐடி கோப்பையும் காட்டி ஸ்டார்ட்டப்.எஸ்ஹெச்சை ஓட்டும் பழைய முறையும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் புதிதாக அமைப்பவர் அந்தச் சிக்கலுக்குள் போகவேண்டாம். பின்னணிக்கு அனுப்பும் வேலையை சிஸ்டம்டியே செய்கிறது, நிரல் முன்னணியில் ஓடினால் போதும்.

ஸ்டார்ட், எனேபிள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டார்ட் இப்போது ஓட்டும். எனேபிள் அடுத்த பூட்டிலிருந்து தானாக ஓடும்படி செய்யும், இப்போது எதையும் ஓட்டாது. சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் டாம்கேட் என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். அமைத்து முடித்ததும் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து, லாகின் செய்யாமல் வெளியிலிருந்தே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் வேலை முடிந்தது.

ஒழுங்காக நிறுத்தினாலும் 'ஃபெயில்டு' என்று சிவப்பில் காட்டுகிறது?

நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்டி 15ஆம் சிக்னலை அனுப்புகிறது. அதை வாங்கிக்கொண்டு மூடும் ஜாவா, 128உடன் 15ஐக் கூட்டி 143 என்ற எண்ணோடு வெளியேறும். பூஜ்ஜியம் இல்லாததால் அது தோல்வியாகத் தெரிகிறது. 143ஐயும் வெற்றியாகக் கொள் என்று சொல்வதற்குத்தான் மேலே அந்த சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ் வரி.

நிறுத்தவே ஒன்றரை நிமிடம் எடுக்கிறது.

15ஆம் சிக்னலுக்கு நிரல் மூடாவிட்டால் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருந்து, அப்புறம் 9ஆம் சிக்னலால் கொன்றுவிடும். அப்படியானால் உங்கள் செயலி மூடும் வேளையில் ஏதோ ஒன்று முடியவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது தீர்வாகாது, பாதியில் வெட்டுப்பட்ட வேலை தரவுத்தளத்தில் தடம் விட்டுப்போகலாம். நிறுத்தச் சொன்ன சில நொடிகளில் ஜாவாவுக்கு 3ஆம் சிக்னலை அனுப்புங்கள். எந்த த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்ற முழுப் பட்டியலையும் அது லாகில் கொட்டிவிடும். அதை எடுத்துச் செயலியை எழுதியவரிடம் கொடுங்கள்.

தொடங்கவே மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டாம்கேட். அதில் வரும் எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடும். 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட்டில் கொடுத்த கோப்பை ஓட்ட முடியவில்லை: பாதை தவறு, ஓட்டும் அனுமதி இல்லை, அல்லது கோப்பை விண்டோஸில் திருத்தியதால் வரி முடிவுகள் மாறிவிட்டன. 217 என்றால் நீங்கள் எழுதிய பயனரே அந்த சர்வரில் இல்லை. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரி என்று கொடுத்த ஃபோல்டருக்குள் போக முடியவில்லை.

இந்த எண்கள் எதுவும் இல்லாமல் 1 என்று மட்டும் இருந்தால், ஸ்கிரிப்டோ ஜாவாவோ தொடங்கி அப்புறம் விழுந்திருக்கிறது. ஜர்னல்சிடிஎல் -யு டாம்கேட் -இ என்று கொடுத்தால் லாக் பதிவின் கடைசிப் பகுதிக்குப் போகும். அங்கிருந்து மேலே ஏறிப்போய், முதலில் வந்த பிழையைத் தேடுங்கள். ஜாவாவின் பிழைச் செய்திகள் ஒன்றின் பின் ஒன்றாகப் பக்கக்கணக்கில் நீளும். காரணம் பெரும்பாலும் முதலாவதில்தான் இருக்கும்.

திரும்பத் திரும்ப விழும் சர்வீஸை சிஸ்டம்டி இயல்பாக 10 நொடிக்குள் 5 முறை வரைதான் எழுப்பும், அதன்பின் கைவிட்டுவிடும். ஆனால் மேலே நாம் ரீஸ்டார்ட்செக்=10 என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 10 நொடி போய்விடுவதால் அந்த வரம்பு எட்டப்படாது, விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். தரவுத்தளம் எழத் தாமதமாகும் இடங்களில் இது நல்லதுதான். அமைப்புப் பிழை இருந்தால் மட்டும் லாக் வீணாக நிறையும்.

'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையில் இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லையே?

பச்சை நிறத்துக்கு அர்த்தம் ஜாவா உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான். 8080ஐ வேறொரு நிரல் பிடித்து வைத்திருந்தால், டாம்கேட் லாகில் பிழையை எழுதிவிட்டு, அந்த போர்ட் இல்லாமலேயே தொடர்ந்து ஓடும். எஸ்எஸ் -எல்டிஎன்பி கட்டளையை சூடோவோடு ஓட்டினால் எந்த போர்ட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். சிலசமயம் அது யாரோ முன்பு கையால் ஓட்டிவிட்டுப்போன இன்னொரு டாம்கேட்டாக இருக்கலாம்.

போர்ட்டில் டாம்கேட்தான் இருக்கிறது, சர்வருக்குள்ளிருந்து கர்ல் போட்டால் பதில் வருகிறது என்றால், ஃபயர்வாலைப் பாருங்கள். கிளவுடில் வாங்கிய சர்வரானால் சர்வருக்குள் இருக்கும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஒன்று, கிளவுட் தளத்தின் ஃபயர்வால் இன்னொன்று. இரண்டிலும் திறக்கவேண்டும்.

கேடலினா.அவுட் கோப்பைக் காணோம்?

அந்தக் கோப்பை உருவாக்குவது ஸ்டார்ட்டப்.எஸ்ஹெச் வழி. கேடலினா.எஸ்ஹெச் ரன் வழியில் அதே வரிகள் சிஸ்டம்டியின் லாகான ஜர்னலுக்குப் போகும். ஓடும்போதே பார்க்க ஜர்னல்சிடிஎல் -யு டாம்கேட் -எஃப். இதில் இழப்பு எதுவும் இல்லை. கேடலினா.அவுட்டை டாம்கேட் ஒருபோதும் சுழற்றாது, அது வளர்ந்து வளர்ந்து டிஸ்கையே நிரப்பிவிடும்.

லாக்ஸ் ஃபோல்டரில் தேதி போட்ட கோப்புகள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அவற்றில் லோக்கல்ஹோஸ்ட்_ஆக்சஸ்_லாக் என்பது தானாக அழியாது. சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஆக்சஸ்லாக்வால்வ் என்ற இடத்தில் மேக்ஸ்டேஸ்=30 என்பதுபோல் சேர்த்துவிடுங்கள்.

80 போர்ட்டில் ஓட்டவேண்டும்.

1024க்குக் கீழுள்ள போர்ட்களை இயல்பாக ரூட்தான் பிடிக்கமுடியும். அதற்காக டாம்கேட்டை ரூட்டாக ஓட்டவேண்டாம். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் ஒன்றை வைத்து, 80, 443 இரண்டையும் அதனிடம் விட்டு, உள்ளே 8080க்கு அனுப்புங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையும் அங்கேயே முடிந்துவிடும். அப்படி வைத்தபின் 8080 வெளியுலகத்துக்குத் தெரியவேண்டாம், சர்வர்.எக்ஸ்எம்எல்லில் 8080க்கான கனெக்டர் என்ற இடத்தில் முகவரியை 127.0.0.1 என்று மாற்றிவிடுங்கள்.

நினைவகத்தை எங்கே அமைப்பது?

பின் ஃபோல்டரில் செட்என்வ்.எஸ்ஹெச் என்று ஒரு கோப்பை உருவாக்கி அதில் கேடலினா_ஆப்ட்ஸ் மூலம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஜாவா சர்வரின் மொத்த நினைவகத்தில் கால் பங்கை ஹீப்பின் (செயலியின் தரவுகள் உட்காரும் நினைவகப் பகுதி) உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். தரவுத்தளமும் அதே சர்வரில் இருந்தால் யோசித்து எண்ணைப் போடுங்கள். ஹீப் தவிர த்ரெட்களுக்கும் வகுப்புகளுக்கும் தனியாக நினைவகம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதில் இரண்டு வகை மரணம் உண்டு. சர்வரின் நினைவகமே தீர்ந்தால் லினக்ஸ் ஜாவாவைக் கொல்லும், சிஸ்டம்டி அதைக் கண்டு மறுபடி எழுப்பும். ஜர்னல்சிடிஎல் -கே என்று பார்த்தால் 'அவுட் ஆஃப் மெமரி' வரி கிடைக்கும். ஜாவாவுக்குள் ஹீப் தீர்ந்தால் கதை வேறு. அவுட்ஆஃப்மெமரிஎரர் என்று லாகில் எழுதிவிட்டு, ஜாவா சாகாமல் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கும். சிஸ்டம்டிக்கு எதுவும் தெரியாது. அதற்கு எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர் என்ற ஜாவா விருப்பத்தையும் கேடலினா_ஆப்ட்ஸில் சேருங்கள். அப்போது ஜாவா முழுதாக வெளியேறும், ரீஸ்டார்ட் வரி தன் வேலையைச் செய்யும்.

ஏபிடியில் போட்ட டாம்கேட். ஃபோல்டருக்கு 777 கொடுத்தும் செயலியால் எழுத முடியவில்லை!

முதலில் அந்த 777ஐத் திரும்ப எடுத்துவிடுங்கள். பிரச்சினை அங்கே இல்லை. டெபியன் தொகுப்பின் சர்வீஸ் கோப்பில் புரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட் என்ற வரி இருக்கிறது. அதன்படி, வெப்ஆப்ஸ், லாக் போன்ற சில இடங்களைத் தவிர ஏறக்குறைய முழு டிஸ்கும் டாம்கேட்டுக்குப் படிக்க மட்டுமே கிடைக்கும். நீங்கள் /எஸ்ஆர்வி/அப்லோட்ஸ் என்று ஒரு ஃபோல்டரை எவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்டாலும் எழுத முடியாது. பிழைச் செய்தியில் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று இருந்தால் இதுதான்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்10 என்று கொடுங்கள். திறக்கும் கோப்பில் [சர்வீஸ்] என்று எழுதி, அடுத்த வரியில் ரீட்ரைட்பாத்ஸ்=/எஸ்ஆர்வி/அப்லோட்ஸ் என்று சேருங்கள். சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். தொகுப்பு கொடுத்த கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் போய்விடும். எடிட் உருவாக்கும் கோப்பு /ஈடிசிக்குள் தனியாக இருப்பதால் தப்பிக்கும்.

தரவுத்தளம் எழுவதற்கு முன் டாம்கேட் எழுந்துவிடுகிறது.

இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால் ஆஃப்டர் வரியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ் என்பதையும் சேருங்கள். தரவுத்தளம் வேறு இயந்திரத்தில் இருந்தால் சிஸ்டம்டியால் எதுவும் செய்யமுடியாது. செயலிதான் மீண்டும் மீண்டும் முயலும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெளியில் திறப்பதற்கு முன் எதையெல்லாம் அகற்றுவது?

வெப்ஆப்ஸில் இருக்கும் எக்சாம்பிள்ஸ், டாக்ஸ் இரண்டையும் அழித்துவிடுங்கள். மேனேஜர், ஹோஸ்ட்-மேனேஜர் இரண்டும் தேவையில்லை என்றால் அவையும் போகட்டும். சர்வர்.எக்ஸ்எம்எல்லில் 8005 என்று இருக்கும் ஷட்டவுன் போர்ட்டை -1 ஆக்குங்கள். அதற்குப்பின் ஷட்டவுன்.எஸ்ஹெச் வேலை செய்யாது, சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் வழக்கம்போல் வேலை செய்யும். 8009இல் இருக்கும் ஏஜேபி இணைப்பையும் (முன்னால் இருக்கும் வலை சர்வர் டாம்கேட்டோடு பேசும் வழி) பாருங்கள். 2020இல் கோஸ்ட்கேட் என்ற பெயரில் வெளிவந்த ஓட்டை இதன் வழியாகத்தான் வந்தது. 9.0.31இலிருந்து அது இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. பழைய சர்வர்.எக்ஸ்எம்எல்லை நகலெடுத்துக் கொண்டுவந்தவர்கள்தான் கவனிக்கவேண்டும்.

விண்டோஸ் சர்வரில்?

அங்கே இன்ஸ்டாலரே சர்வீஸாகப் பதிந்துகொடுக்கும். ஜிப் கோப்பிலிருந்து எடுத்தவர்கள் பின் ஃபோல்டரில் சர்வீஸ்.பேட் இன்ஸ்டால் என்று ஓட்டவேண்டும். ஒன்றே ஒன்று: சர்வீஸாக ஓடும்போது விண்டோஸ் நிறுவல் செட்என்வ்.பேட் கோப்பைப் படிக்காது. நினைவக அளவை டாம்கேட்டோடு வரும் கண்காணிப்பு நிரலின் ஜாவா தாவலில் கொடுக்கவேண்டும்.

புதிய பதிப்பு வந்தால் எப்படி மாற்றுவது?

இதை முதல்நாளே யோசித்து அமைத்தால் பின்னால் சுலபம். டார் கோப்பைப் பதிப்பு எண்ணுள்ள ஃபோல்டரில் விரித்து, /ஆப்ட்/டாம்கேட் என்பதை அதற்கு ஒரு சிம்லிங்காக (அந்த ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) வையுங்கள். சர்வீஸ் கோப்புக்கு எப்போதும் /ஆப்ட்/டாம்கேட் மட்டுமே தெரியும்.

புதிய பதிப்பை அருகிலேயே விரித்து, கான்ஃபில் நீங்கள் செய்த மாற்றங்கள், செட்என்வ்.எஸ்ஹெச், வார் கோப்புகள் மூன்றையும் கொண்டுவாருங்கள். கான்ஃப் ஃபோல்டரை அப்படியே மேலே நகலெடுக்காமல், டிஃப் போட்டுப் பார்த்து உங்கள் வரிகளை மட்டும் மாற்றுங்கள். புதிய பதிப்பில் இயல்பமைப்பு மாறியிருக்கலாம், கோஸ்ட்கேட் திருத்தம் அப்படித்தான் வந்தது. கோப்பு உரிமைகளை மறுபடி அமையுங்கள். பிறகு ஸ்டாப், சிம்லிங்கைத் திருப்புதல், ஸ்டார்ட். ஏதாவது சரியில்லை என்றால் சிம்லிங்கைப் பழைய ஃபோல்டருக்கே திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்யலாம். அதனால் பழைய ஃபோல்டரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.